மறு கை செய்யும் உபகாரம்

திருவொற்றியூரிலிருந்து வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். கப்பல் தளத்தில் கன்டெய்னர்களை இரும்புக் கம்பிகளால் இறுக்கிப் பிணைக்கும் வேலை, துறைமுகத்தார் பேச்சில் சொன்னால் லேஷிங் வேலை, அவருடைய ஜீவனம். மாலை வேளைகளில் தெருமுனை ஜிம்மில் பளு தூக்கிப் பழகியவர். ஈரத் தளத்தில் வழுக்கி, விழாமலிருக்க எதையோ எட்டிப் பிடித்த மாத்திரத்தில் இடத் தோள் இறங்கிப்போக, அரசு மருத்துவமனையில் அதை மீண்டும் பொருத்தி, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, மூன்று வாரத்துக்குக் கையை ஸ்லிங்கில் தொங்கவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். “அசையாமல் படுத்திரு என்கிறார் அம்மா. ஒரு மாதம் விட்டால் உடம்பு கரைந்துவிடும் என்கிறார் ஜிம் மாஸ்டர். ஏழே நாளில் தோளைச் சரிசெய்யும் பயிற்சி என்று கைப்பேசியில் ஒருவர் காசுக்குச் சொல்லித் தருகிறார். தோள் ஆறும்வரை நான் என்ன செய்ய?” என்பது அவருடைய கேள்வி.

அந்த ஏழு நாள் வித்தையை முதலில் ஒதுக்கிவிடலாம். தோள் இறங்கும்போது, மூட்டைச் சூழ்ந்துள்ள உறையும் கிண்ணத்தின் விளிம்பிலிருக்கும் குருத்தெலும்பு வளையமும் கிழிகின்றன. கிழிந்த இடத்தில் சரீரம் புதிய நார்களை நெய்து, அவற்றை ஒழுங்குபடுத்தி, இழுவைக்குத் தாங்கும்படி முறுக்கேற்றுவது வாரங்களாலும் மாதங்களாலும் கணக்கிடப்படும் காரியமாதலால், அதை நாட்களில் முடித்துத் தருவதாகச் சொல்லுகிறவர் யாராயிருந்தாலும் அவர் சொல்வது மெய்யன்று. அம்மாவின் கவலையும் ஜிம் மாஸ்டரின் கவலையும் அப்படிப்பட்டவையல்ல. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது.

இந்தத் துறைமுகப் பிரதேசத்தில் தோளைக் குறித்து விசாரிப்பதற்குத் தனி நியாயமும் உண்டு. சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் 1983இல் ஏற்பட்ட பிறகு, லோடுமேன்களின் தலையிலும் முதுகிலும் ஏறிய மூட்டைகளில் பெரும்பகுதி இரும்புப் பெட்டிகளுக்குள் போய்விட்டது. அதனால் உழைப்பாளியின் சரீரத்துக்கு விடுதலை கிடைத்துவிட்டதென்று எண்ணுவோர், ஆளைவிட நீளமான கம்பியைத் தலைக்கு மேல் உயர்த்திப் பெட்டியின் மூலைத் துளையில் மாட்டிக் கீழே திருகி இறுக்கும் ஒருவரை அரைமணி நேரம் நின்று பார்த்தால், பாரம் முதுகிலிருந்து தோளுக்கு இடம் மாறியிருப்பதைக் காண்பார்கள். காசிமேட்டில் வலை இழுப்பவர்களும், எண்ணூர்த் தொழிற்சாலைகளில் வண்டிக்கு அடியில் நின்று கைகளை மேலே தூக்கியபடி திருகாணி முடுக்குகிறவர்களும் இதே வகையினர். கை பக்கவாட்டில் உயர்ந்து, வெளிப்புறமாகத் திரும்பி, பின்னால் சாயும் நிலைதான் தோளுக்கு ஆபத்தான நிலை; இறங்கிப்போகும் தோள்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை முன்பக்கமாக இறங்குவன, அவற்றில் மிகப் பல இந்த நிலையில் இழுபட்டவை. ஜிம்மில் கரலாக்கட்டையைத் தலைக்குப் பின்னே சுழற்றும்போதும் கை இதே நிலையை அடைகிறது. இளவயதில் ஒருமுறை இறங்கிய தோள் மறுபடியும் இறங்குவது பாதிப் பேருக்காவது நேர்கிறதாகையால், வைத்தியர் அனுமதிக்கும்வரை கரலாக்கட்டை மூலையிலேயே இருக்கட்டும். அம்மாவின் பக்கத்து உண்மை இவ்வளவு.

இனி, ஜிம் மாஸ்டரின் பக்கம். தோளுக்கு ஓய்வு என்பதைச் சரீரம் முழுவதற்கும் ஓய்வு என்று நம்மவர் எடுத்துக்கொள்ளும் பழக்கத்தால் விளையும் சேதத்தை அளந்து காட்டிய பிரயோகம் ஒன்று 1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் நடந்தது. இருபது வயதுள்ள, ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடத்திவைத்துப் பார்த்ததில், அவர்கள் சரீரம் பிராணவாயுவைப் பயன்படுத்தும் உச்ச சக்தி நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துபோயிற்று. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐந்து பேரையும் தேடிப்பிடித்து மறுபடியும் சோதித்தார்கள்; முப்பது ஆண்டு மூப்பு அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டதைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை எடுத்துக்கொண்டது அதிகமாக இருந்தது. கை கழுத்தில் தொங்கும்போது கால்களுக்கு ஏது தடை? வலி தணிந்த இரண்டொரு நாளிலேயே நடக்கத் தொடங்கலாம். கன்டெய்னர் லாரிகள் புழுதி கிளப்பும் எண்ணூர் நெடுஞ்சாலை ஸ்லிங் கட்டியவர் நடக்கத்தக்க இடமன்று. வடிவுடையம்மன் கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளில் விடியற்காலையில் வேகமாக நடப்பது உத்தமம். சுவரில் முதுகைச் சாய்த்து முழங்காலை மடித்து இறங்கி ஏறுதல், நல்ல கையால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மாடிப்படி ஏறுதல், ஜிம்மில் நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிளைக் கைப்பிடியில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்து மிதித்தல் ஆகியவை போதும். ஓட்டம் கொஞ்சநாள் வேண்டாம். ஒற்றைக் கையைக் கட்டிக்கொண்டு ஓடுகிறவர் தடுமாறினால் எந்தத் தோளின்மேல் விழுவார் என்பது யாருக்கும் தெரியாது.

இவ்வளவும் எந்த நல்ல வைத்தியரும் சொல்லக்கூடியது. நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக: ஸ்லிங்கில் அசையாமல் கிடக்கும் இடக் கையின் வலிமையை, வலக் கைக்குப் பயிற்சி கொடுப்பதன் மூலமாகவே ஓரளவு காப்பாற்ற முடியும் என்ற, முதலில் கேட்கும்போது மந்திரமாய்த் தோன்றினாலும் நூறாண்டுக்கு முன்பே கண்டறியப்பட்டு, பின்னர் சோதித்துச் சோதித்து நிலைபெற்றுவிட்ட உண்மைக்காக.

இதன் சரித்திரம் சுருக்கமானது. அதில் நெடுநேரம் நிற்க எனக்கு விருப்பமில்லை. 1894இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்கிரிப்சர் என்ற மனோதத்துவ ஆசிரியரும் அவருடன் பணிசெய்த ஸ்மித், பிரவுன் என்ற இரு பெண்மணிகளும், ஒரு கையால் மட்டும் அழுத்திப் பழகினால் பழகாத கைக்கும் பலம் கூடுவதைக் கண்டு எழுதிவைத்தார்கள். பிறகு வெகுகாலம் அது ஒரு வேடிக்கைச் செய்தியாகவே கிடந்தது.

மனத்தைக் கவருவது, அந்தப் பலம் போகும் வழி. பழைய இராயபுரத்துத் தெருக்களில் இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர் பொதுவாயிருக்கும் வரிசைக் குடித்தனங்களை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு வீட்டில் தாய் தன் பையனை உட்காரவைத்து வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறாள். அடுத்த வீட்டுப் பையன் பொன்னுக்கு வீங்கி வந்து, பள்ளிக்குப் போகாமல், சுவரோரம் பாயில் கிடக்கிறான். அவனுக்கு யாரும் பாடம் சொல்லவில்லை; அவன் வாய்விட்டு ஒப்பிக்கவுமில்லை; ஆனால் பத்து நாள் கழித்து எழுந்திருக்கும்போது அவனுக்கும் ஏழாம் வாய்ப்பாட்டில் பாதி தெரிந்திருக்கிறது. வலக் கையை ஆளும் இட மூளைப் பகுதி முதல் வீடு. இடக் கையை ஆளும் வல மூளைப் பகுதி அடுத்த வீடு. இரண்டையும் இணைக்கும் நரம்புக் கற்றை அந்தப் பொதுச் சுவர்.

சுவர் வழியே சத்தம் கேட்கிறது என்பதை ஊகமாகச் சொல்லவில்லை. மண்டையோட்டுக்கு வெளியே காந்தச் சுருளை வைத்து, மூளையின் குறிப்பிட்ட ஓரிடத்தை நோவின்றித் தூண்டி, தசையில் அதன் எதிரொலியை அளக்கும் முறை 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் உண்டானது. அந்தச் சுருளைக்கொண்டு பார்க்கும்போது, ஒருவர் வலக் கையை முழுப் பலத்தோடு இறுக்கிப் பிடிக்கும் கணத்தில், சும்மா இருக்கும் இடக் கையை ஆளுகிற மூளைப் பகுதியும் கிளர்ச்சியடைந்து நிற்கிறது. மெல்ல இறுக்கினால் கிளர்ச்சி சொற்பம். உரக்க ஓதினால்தான் சுவர் கடந்து கேட்கும். ஆகையால் இந்தப் பயிற்சியில் இலகுவான பளுவை நூறு தரம் ஆட்டுவதைவிட, பாரமான பளுவைச் சில தரம் தூக்குவதே பயன் தருகிறது.

அடுத்த வீட்டில் ஒரு தாத்தாவும் இருக்கிறார். இந்தப் பக்கம் சத்தம் எழும்போதெல்லாம் அவர் சுவரைத் தட்டி அடக்குவார். இயல்பில் மூளையின் ஒரு பாதி மற்றொரு பாதியை அப்படித்தான் அடக்கிவைக்கிறது. அந்த அடக்கம் இல்லாவிட்டால், வலக் கையால் கையெழுத்துப் போடும்போது இடக் கையும் கூடவே காற்றில் எழுதிக்கொண்டிருக்கும். வாரக்கணக்கில் ஒற்றைக் கைக்குக் கடும் பயிற்சி கொடுத்து அளந்து பார்த்ததில் இந்த அடக்குமுறை தளர்ந்துவிடுவதாகத் தெரிகிறது; தாத்தாவும் வாய்ப்பாட்டுச் சத்தத்துக்குப் பழகிப்போய்க் கைத்தடியைக் கீழே வைத்துவிடுகிறார். வேறு சில ஆராய்ச்சியாளரோ, பாடம் சுவர் வழியே போவதில்லை, இரண்டு பையன்களும் எடுத்துப் படிக்கும்படியான பொதுத் திண்ணையில் அது எழுதிவைக்கப்படுகிறது என்கிறார்கள். இரண்டு கொள்கைக்கும் சான்று உண்டு. இரண்டும் சேர்ந்தே நடக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

உவமையை இன்னும் ஒரு படி இழுத்தால் இதன் எல்லையும் விளங்கும். வாய்ப்பாடு சுவரைக் கடக்கும், சோறு கடக்காது. தசை பருப்பதற்கு அந்தத் தசையே பாரம் சுமந்தாக வேண்டும். மறு கையின் பயிற்சியால் அடுத்த கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் நரம்பின் கல்வி: இருக்கிற தசைநார்களை ஒரே நேரத்தில், முழு எண்ணிக்கையில் வேலைக்கு அழைக்கும் திறமை. மூன்று நான்கு வாரம் கட்டுப்போட்ட கையில் முதலில் மறந்துபோவதும் அந்தத் திறமைதான். கட்டைப் பிரித்த அன்று கை சூம்பியிருப்பதைவிடச் சொன்னபடி கேளாதிருப்பதுதான் பலருக்கும் திகிலூட்டுகிறது.

இங்கே இராயபுரத்துக்குப் பெருமை சேர்க்கும் ஒரு செய்தி குறுக்கிடுகிறது. கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று இந்த வட்டாரம் அழைத்துவந்த தர்ம ஸ்தாபனத்திலிருந்து வளர்ந்து, 1938இல் கல்லூரியாக உயர்ந்த ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி, கைகளுக்குச் செய்திருக்கும் உபகாரம் அளவற்றது. 1970களின் தொடக்கத்தில் டாக்டர் ஆர். வெங்கடசாமி அங்கே கை அறுவைச் சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவை வளர்த்தெடுத்தார். ஆலைகளிலும் அச்சகங்களிலும் விரலைப் பறிகொடுத்தவர்களின் புகலிடமாக அது விளங்கியது. 2018இல் விபத்தில் கைகளை இழந்த ஒருவருக்கு இரு கைகளையும் மாற்றிப் பொருத்தியதும் அங்கேதான். நம் விஷயத்துக்கு நெருங்கியவர், அதே கல்லூரியில் வைத்தியம் பயின்று, பிற்பாடு கலிபோர்னியாவில் நரம்பியல் ஆராய்ச்சியாளராய்ப் புகழெய்திய வி.எஸ். ராமச்சந்திரன். கையை இழந்தவர்களுக்கு, இல்லாத அந்தக் கை இறுக மூடிக்கொண்டு வலிப்பதாகத் தோன்றும் கொடுமையைத் தணிக்க, 1990களின் நடுவில் அவர் கையாண்ட சாதனம் ஒரு சாதாரண முகக்கண்ணாடி. மார்புக்கு நேரே கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்தி, நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டு அதை விரிக்கும்போது, இழந்த கையே விரிவதாக மூளை ஏற்றுக்கொண்டு, சிலருக்கு வலி தளர்ந்தது. அந்தக் கண்ணாடியைப் பலப் பயிற்சியோடு சேர்த்துப் பார்த்தவர்கள் உண்டு: ஒரு குழுவினர், வலக் கையின் மணிக்கட்டுக்குப் பயிற்சி செய்கிறவர்களைக் கண்ணாடியில் தங்கள் கையைப் பார்த்தபடி செய்யவைத்தபோது, பயிற்சியில்லாத கைக்குச் சேர்ந்த பலம், கண்ணாடி இல்லாதவர்களுக்குச் சேர்ந்ததைவிட அதிகமாயிருந்தது. சுவரில் ஒரு ஜன்னல் வைத்தால் அடுத்த வீட்டுப் பையனுக்குப் பாடத்தின் எழுத்தும் தெரிகிறது.

ஆனால் இதை வைத்து ஒரு வியாபாரம் தொடங்குவதற்கு முன், கணக்கையும் பார்த்துவிட வேண்டும். பல பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், பயிற்சியில்லாத அங்கத்துக்குச் சேரும் பலம் சராசரியாக நூற்றுக்கு 8 முதல் 12 வரைதான். வலக்கைப் பழக்கமுள்ளவருக்கு வலத்திலிருந்து இடத்துக்குப் போவது அதிகம், இடத்திலிருந்து வலத்துக்கு வருவது குறைவு. நம் வாசகருக்கு அடிபட்டது இடத் தோள் என்பது துரதிர்ஷ்டத்திலும் ஓர் அனுகூலம். கனடாவின் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தில் 2010இல், தொண்டர்களின் ஒரு கையை நான்கு வாரம் ஸ்லிங்கில் கட்டிவைத்து, மறு கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்துப் பார்த்தபோது, கட்டிய கையின் மேற்கைப் பின்புறத் தசையில் வலிமை குறையாமல் நின்றது. அவர்கள் தோள் கிழியாத, ஆரோக்கியமான மனிதர்கள் என்பதை மறக்கலாகாது. அதே குழுவைச் சேர்ந்தவர்கள், மணிக்கட்டு எலும்பு முறிந்த, ஐம்பது வயதைக் கடந்த பெண்களிடம் இதைச் சோதித்து 2013இல் வெளியிட்டார்கள்: பன்னிரண்டாம் வாரத்தில், மறு கைக்குப் பயிற்சி செய்த பெண்களின் முறிந்த கை, செய்யாதவர்களுடையதைவிடக் கூடுதல் பிடிபலத்தோடும் அசைவோடும் இருந்தது, இருபத்தாறாம் வாரத்தில் இரு சாராரும் ஒன்றாகிவிட்டார்கள். முழங்கால் நாண் கிழிந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் 2018இல் வெளிவந்த ஒரு சோதனையில் இந்த முறையால் விசேஷப் பலன் எதுவும் காணப்படவில்லை. ஆக, தூரத்தில் முடிவு ஒன்றே என்றாலும், நடுவிலுள்ள மூன்று மாதம் கூலிக்காரருக்கு அற்பமானதன்று. பன்னிரண்டாம் வாரத்தில் சோற்றுப் பானையை இறக்கிவைக்க முடிவதும், இருபத்தாறாம் வாரம்வரை காத்திருப்பதும் ஒன்றென்று, கூலியில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் எவரும் ஒப்பமாட்டார். செலவில்லாத, நல்ல கைக்கும் லாபமான ஒரு காரியத்துக்கு இந்த அளவு பலன் போதும் என்று நான் தீர்மானமாக நினைக்கிறேன்.

செய்யும் விதம் வருமாறு. ஸ்லிங்கில் உள்ள கையை மார்போடு சேர்ந்தபடியே விட்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வலக் கைக்கு மட்டும் வேலை கொடுக்க வேண்டும். எட்டுத் தரம் தூக்குவதற்குள் களைத்துப்போகும்படியான பளு வேண்டும். வீட்டில் செய்கிறவர் வாளியில் தண்ணீர் ஊற்றி அளந்துகொள்ளலாம், ஒரு லிட்டர் ஒரு கிலோ. முழங்கையை மடித்து ஏற்றுதல், எழுந்து நின்று குனிந்து வாளியை இடுப்புவரை இழுத்தல், ஜிம்மில் இழுவைக் கயிற்றை முன்னுக்குத் தள்ளுதல் போன்ற மூன்று நான்கு அசைவுகள், ஒவ்வொன்றும் மூன்று சுற்று, வாரத்துக்கு மூன்று நாள், நான்கு முதல் ஆறு வாரம் செய்யத்தக்கவை. தூக்குவதைவிடப் பளுவை மெதுவாக, அடக்கி அடக்கி இறக்குவதில் மறு பக்கத்துக்குச் சேரும் பங்கு கூடுதல் என்று சோதனைகள் காட்டியிருப்பதால், இறக்கும்போது மனத்துக்குள் நான்குவரை எண்ணுங்கள். முழுப் பலத்தோடு முயலும்போது ஸ்லிங்கிலுள்ள கையும் தன்னையறியாமல் சற்றே இறுகும். அது இயல்பு, ஆனால் இடத் தோளில் வலி கண்டால் பளுவைக் குறைத்துவிட வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது; இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் பாரமான பளுவில் இறங்கவே கூடாது.

கட்டிய கையையும் முற்றிலும் மறந்துவிடுவது தவறு. வைத்தியர் தடுக்காத பட்சத்தில் விரல்களை மூடித் திறப்பதும், மணிக்கட்டைச் சுழற்றுவதும், முழங்கையை நீட்டி மடக்குவதும் முதல் நாளிலிருந்தே செய்யத்தக்கவை. சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு, அசையாத தோள் மூட்டு இறுகி உறைந்துபோகும் அபாயம் மற்றவர்களைவிட அதிகமாகையால், அவர்கள் வைத்தியர் சொன்ன நாளுக்கு மேல் ஒரு நாளும் ஸ்லிங்கை வைத்திருக்கக் கூடாது. ஸ்லிங் வேண்டாமென்று வைத்தியர் கழற்றியபின் தோளுக்குரிய பயிற்சி வேறு. அதைப் பத்திரிகையில் படித்துச் செய்யாமல், பிசியோதெரபிப் பிரிவில் நேரில் கற்க வேண்டும்.

கடிதத்தின் ஓரத்தில், புத்தூர்க் கட்டுப் போடலாமா, எண்ணெய் தேய்த்து உருவிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறார். இறங்கிய தோளோடு எலும்பு முறிவும் சேர்ந்திருக்கக்கூடுமாதலால், எக்ஸ்ரே பார்க்காமல் எவரும் அதை இழுக்கவோ உருவவோ இடங்கொடுக்கலாகாது. பொருத்திய பிறகு மேற்கையின் வெளிப்புறத்தில், சட்டைக் கையின் விளிம்பு படும் இடத்தில், உணர்ச்சி மரத்துப்போனாலும், விரல்கள் குளிர்ந்து நிறம் மாறினாலும், நாற்பது வயதைக் கடந்தவருக்கு வலி தணிந்த பின்னும் கையைத் தானாகத் தூக்க முடியாமற்போனாலும், அன்றைக்கே மருத்துவமனைக்குத் திரும்பிப் போக வேண்டும். அடிபடாமலே இடத் தோள் வலித்து, கூடவே வியர்வையும் மார்பில் இறுக்கமும் காணுமானால் அது தோள் வியாதியன்று, 108க்குக் கூப்பிடுங்கள்.

வைத்தியர்களிடமும் ஒரு விண்ணப்பம். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கானோர் வந்துபோகும் எலும்புப் பிரிவில் ஒவ்வொருவருக்கும் இவ்வளவும் விளக்க உங்களுக்கு அவகாசமில்லை என்பதை அறிவேன். இருந்தாலும் ஸ்லிங் கட்டி அனுப்பும்போது, “மறு கைக்கும் கால்களுக்கும் வேலை கொடு” என்று சீட்டின் அடியில் தமிழில் ஒரு வரி எழுதிக்கொடுங்கள். வாசகர்களே, அவர்கள் எழுத மறந்தால், ஸ்லிங் கட்டிய அன்றைக்கே நீங்கள் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.